இசக்கிப்பாண்டியின் இடது முட்டு

டைல்ஸ் வேலைக்காரன் ஒரு நாள் வராமல் இருந்துவிடலாம். அவன் இடம் காலியாகக் கிடக்கக் கூடாது. காய்ச்சலோ, கல்யாணமோ, ஊரில் கோவில் கொடையோ, எதுவானாலும் வர முடியாதவன் தன் இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பிவிட வேண்டும். அனுப்பாமல் விட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொருவன் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்தவனை எழுப்புவது லேசில்லை. ஆலங்குளத்துப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த நாள்முதலாக இசக்கிப்பாண்டி இப்படித்தான் தன் இடத்தைக் காப்பாற்றி வந்தான்.

ஆகவே முழங்கால் முட்டுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிய நாளில் தன்னால் போக முடியாது என்றானதும் அவன் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. தங்கை மாப்பிள்ளை பால்பாண்டியை அனுப்பிவைத்தான்.

அந்த முட்டின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் பேரூர்க்கடையில் ஒரு பிளாட்டில் வேலை. நாள் முழுக்கக் குத்தவைத்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து டைல்ஸ் ஒட்டுவதுதான் தொழில். சாயா குடிக்க எழுந்திருக்கப் பார்த்தான், இடது முட்டு நிமிரவில்லை. கதவிடுக்கில் துணி மாட்டிக்கொண்டது போல உள்ளே எதுவோ மாட்டிக்கொண்டது. கையிலிருந்த டைல்ஸை உடையாமல் கீழே வைத்துவிட்டு அப்படியே சரிந்து படுத்தான். பால்பாண்டிதான் தூக்கி ஆட்டோவில் போட்டான். முட்டுக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு ஜவ்வு இருக்கிறதாம். அது கிழிந்து, கிழிந்த துண்டு மடங்கிக் கிடக்கிறதாம்.

டாக்டர் ஹரிஷங்கர் வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். அவர் வீட்டில் பேசுவதும் தமிழ், இசக்கிப்பாண்டி வீட்டில் பேசுவதும் தமிழ். இருந்தும் முதல் நாள் பாதி நேரம் இரண்டு பேரும் மலையாளத்தில் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டார்கள். பிறகு கேஸ் பேப்பரில் பெயரைப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார்.

"இசக்கிப்பாண்டியா? முன்னமே சொல்லப்படாதோ? கேட்டுக்கோங்கோ. கிழிஞ்ச இடத்தைத் தச்சுடுவோம். அது எல்லாருக்கும் பண்ணறதுதான். ஆனா ஜவ்வுல ரத்த ஓட்டம் கம்மி. தச்சாலும் சில பேருக்கு ஒட்டாம பிரிஞ்சுடறது. அதுக்காகப் புதுசா ஒண்ணைப் பரிசோதனை பண்ணிண்டிருக்கோம். மாட்டுக் கொலாஜன்ல பண்ணின மெல்லிசு விரிப்பு. உங்க இடுப்பெலும்பு மஜ்ஜையிலேந்து எடுத்த ரத்தத்துல அதை ஊறவச்சுத் தையல் மேல போத்திடுவோம். அதனால நன்னா ஒட்டறதான்னு பாக்கணும். பாதிப் பேருக்கு விரிப்பு, பாதிப் பேருக்கு வெறும் தையல். யாருக்கு எதுன்னு குலுக்கிப் போட்ட மாதிரி வரும். உங்களுக்குச் சொல்ல மாட்டோம். இடுப்பெலும்புல எல்லாருக்கும் ஒரு ஓட்டை போட்டுடுவோம், அதை வச்சும் கண்டுபிடிக்க முடியாது."

"மாடா சார்?"

"மாடுதான். ஆட்சேபம் உண்டுன்னா இதுல சேர வேண்டாம். தையல் மட்டும் போட்டுக்கலாம்."

"அதுக்கில்ல. அந்த விரிப்பு கனமா இருக்குமா?"

"இருக்காது," என்றார்.

கையெழுத்துப் போட்டான். ஆபரேஷன் முடிந்து கட்டையூன்றிக் கிள்ளிப்பாலத்து லைன்வீட்டுக்கு வந்தவனுக்கு வேலைக்காரர்கள் காளை என்று பெயர் வைத்தார்கள். "காளைக்கு வைக்கோல் போட்டாச்சா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். விரிப்பு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. யாராவது கேட்டால் இடுப்புத் தழும்பைக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பான்.

ஆராய்ச்சிக் காரியங்களைக் கவனிக்கிற நர்ஸ் அஜிதா குழித்துறைக்காரி. விடாமல் போன் பண்ணுவாள்.

"அண்ணா, வலி எத்தன? பூஜ்யத்தில இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லணும்."

"சுகம்தான் சிஸ்டர்."

"சுகம்னு ஒரு நம்பர் கிடையாதில்லியா அண்ணா."

"அப்ப பூஜ்யம்னு போட்டுக்கிடுங்க."

முட்டு வீங்கி விண்விண்ணென்று தெறித்த நாட்களிலும் அவன் பூஜ்யம்தான் சொன்னான். வேலைத்தலத்தில் ஒருவன் வந்து வலிக்கிறதா என்று கேட்டால் உன்னை அனுப்பிவிடத்தான் கேட்கிறான். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாக்கு அதற்குப் பழகிப்போயிருந்தது.

மாசக்கணக்கில் குத்தவைக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அத்தனை நாளும் அவன் இடத்தில் பால்பாண்டிதான் நின்றான். தன் வரிசையையும் ஒட்டி மச்சான் வரிசையையும் ஒட்டினான். ஒரு நாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. இசக்கிப்பாண்டி திரும்பி வந்தபோது அவன் இடம் அப்படியே இருந்தது.

வருஷம் முடிந்து ஸ்கேன் எடுக்கும் வாரம் வந்தது. அஜிதா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "இந்த வாரம் தாண்டினா கணக்கில சேராது அண்ணா. ஒரு வருஷப் படம்னா ஒரு வருஷத்தில எடுக்கணும். கண்டிப்பா வரணும், கேட்டீங்களா?" வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். கடைசி நாள் காலையில் வட்டியூர்க்காவில் வேலை நடக்கிற புது வீட்டு வாசலிலேயே ஷிபு மறித்தான். ஷிபு அந்த வீட்டு வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர்.

"இசக்கியண்ணா, நாளைக்கு பாலுகாச்சு. பூஜாமுறியில டைல்ஸ் பொங்கி நிக்குது. அத நீ தொட்டா மதி, வேற ஒருத்தனும் தொடண்டா, கேட்டோ?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போணும் ஷிபு."

"ஆஸ்பத்திரி நாளைக்கும் அவிடத்தன்னே நிக்கும். இந்த வீட்டுக்காரன் நாளைக்கு என்னைக் கொல்லும்."

ஷிபு சொன்னதிலும் பொய் இல்லை. விடிந்தால் அந்தத் தரையில் விளக்கேற்றிப் பால் காய்ச்சப் போகிறார்கள். இசக்கிப்பாண்டி பூஜை அறையை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பால்பாண்டியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினான்.

"மாப்ள, நீ போய்ப் படுத்துட்டு வந்துரு."

பால்பாண்டி கலவைக் கையைத் துடைக்காமல் நின்றான். "நானா? வேற ஆளு யாரையாது அனுப்பேன்."

"வேற எவன் கால நம்பி அனுப்ப? ரெண்டாளு வரிசைய ஒத்தையா ஒட்டின காலுல்லா ஒன் காலு."

"அது ஒன் முட்டுல்லா மச்சான். என் முட்ட எப்படிக் காட்ட?"

"என் முட்டு நல்லாருக்கு. ஒன் முட்டும் நல்லாருக்கு. நல்ல முட்டப் படம் புடிச்சா நல்ல முட்டுதான் தெரியும். அதுல பேரா எழுதி வச்சிருக்கு? அந்தப் புள்ள கெடந்து தவிக்கி, வாறேன்னு சொல்லிட்டேன். எடம் காலியாக் கெடக்கக் கூடாதுல்லா."

அவன் மனசில் அது ஏமாற்று அல்ல. தன் கால் நன்றாக இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல இன்னொரு நல்ல காலை அனுப்புகிறான். நடந்த உண்மைக்கு எந்தக் குறையும் வராது என்று நினைத்தான். பால்பாண்டி சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஸ்கேன் எடுக்கும் இடம் ஆஸ்பத்திரிக்குள் இல்லை, ரோட்டுக்கு எதிர்ப்புறம் தனிக் கட்டடம். அங்கே யாருக்கும் இசக்கிப்பாண்டியின் முகம் தெரியாது. மத்தியானச் சோற்று நேரத்துக்கு பால்பாண்டி திரும்பி வந்து எல்லாரையும் சிரிக்க வைத்தான்.

"என்ன கூத்துங்க? பாதி ஒடம்ப ஒரு ஓட்டைக்குள்ள தள்ளிட்டுக் கொட்டு அடிக்கானுவ. நம்மூர்க் கொடைக்குக்கூட இந்த அடி அடிக்க மாட்டானுவ."

"பேரு கேட்டானா?"

"கேட்டான். இசக்கிப்பாண்டியான்னான். ஆமான்னேன். வயசையும் அவனே வாசிச்சான். அதுக்கும் ஆமான்னேன். இந்த வயசுல இவ்வளவு சிக்குன்னு இருக்கானேன்னு நெனச்சிருப்பான்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்றான் இசக்கிப்பாண்டி. பூஜை அறைத் தரை கண்ணாடி போல முடிந்திருந்தது. இரண்டு வேலையும் ஒழுங்காக முடிந்த திருப்தியில் அன்று சோறு கூடுதலாக இறங்கியது.

அடுத்த வாரம் அஜிதாவின் போன் வந்தது. குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "அண்ணா, டாக்டர் உடனே பாக்கணும்னு சொன்னாரு."

டாக்டர் ஹரிஷங்கர் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். கறுப்பும் சாம்பலுமாக ஒரு முட்டு.

"இங்க பாருங்கோ. நான் தச்ச இடம் இது. தச்ச அடையாளமே தெரியலை. நான்தான் தச்சேனான்னு எனக்கே சந்தேகம் வரது. சரி, சந்தோஷம். ஆனா பின்பக்கம் பாருங்கோ. இந்த வெள்ளைக் கோடு, இது ஒரு கிழிசல். நீளமாப் போறது. பழசு மாதிரியும் இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

இசக்கிப்பாண்டிக்குத் தெரிந்தது. ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாளாகப் பால்பாண்டி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து டைல்ஸ் இடுக்குக்கு சிமென்ட் பால் தேய்க்கிறான். சாயா வாங்க நான் போகிறேன் என்று முதல் ஆளாக எழுந்து ஓடுகிறான். எழும்போது ஜன்னல் விளிம்பையோ சிமென்ட் மூட்டையையோ பிடிக்கிறான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். தடியன் சோம்பேறியாகிவிட்டான் என்று நினைத்திருந்தான். அந்த வெள்ளைக் கோட்டின் மேல் இசக்கிப்பாண்டி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவ்வளவு இங்கிலீஷ் அவனுக்கு வாசிக்க வரும்.

டாக்டர் அவனைப் படுக்கவைத்து முட்டை மடக்கினார், திருகினார், ஓரங்களில் விரலால் அழுத்தினார். ஒன்றும் இல்லை. குத்தவைக்கச் சொன்னார். குத்தவைத்தான். எழுந்திருக்கச் சொன்னார். கையூன்றாமல் எழுந்தான்.

"படம் ஒண்ணு சொல்றது, கால் வேறொண்ணு சொல்றது," டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "ஸ்கேன் சென்டர்ல ஏதோ குளறுபடி. யாரோட படத்துலயோ உங்க பேரை ஒட்டிட்டா. வியாழக்கிழமை மறுபடி எடுத்துடலாம். இதை விட்டுத்தள்ளுங்கோ."

விட்டுத்தள்ளலாம். அவன் வாயைத் திறக்கவே வேண்டாம். வியாழக்கிழமை தன் காலோடு போய்ப் படுத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஸ்கேன் சென்டரில் எவனோ நாலு ஏச்சுக் கேட்பான், அவ்வளவுதான்.

"சார், இந்தப் படத்துக்காரன்..." திரையைக் காட்டினான். "இந்தக் காலு உள்ளவனுக்கு என்ன ஆவும்?"

"என்ன வேலை பாக்கறான்னு பொறுத்தது. உங்களை மாதிரி குத்தவச்சு வேலை பாக்கறவன்னா ஒரு நாள் உங்களுக்கு ஆன மாதிரிப் பூட்டிக்கும். பூட்டிக்காட்டா இன்னும் மோசம். கிழிசல் பெருசாகி ஜவ்வு நைஞ்சுபோயிடும். அப்புறம் தைக்கறதுக்கு உள்ளே ஒண்ணும் இருக்காது. எலும்பும் எலும்பும் ஒராஞ்சுண்டு கிடக்கும்."

கிழக்கேகோட்டைக்கு பஸ் ஏறியவன் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். எதுவும் கண்ணில் பதியவில்லை.

லைன்வீட்டு முற்றத்துக் குழாயடியில் தங்கை சுடலைமாடத்தி குடம் நிறைத்துக்கொண்டிருந்தாள். சாலைக் கடைவீதி ஓட்டலொன்றில் பாத்திரம் கழுவுகிறவள். பால்பாண்டி அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ஒரு நிமிசம் குத்தவச்சு உக்காரு."

"எதுக்கு?"

"உக்காரேன்."

"பகலு பூரா அதான செஞ்சிட்டு வாறேன். வீட்லயுமா?" சிரித்துக்கொண்டே கையைச் சுவரில் வைத்தான்.

"செவத்தப் பிடிக்காம."

பால்பாண்டியின் சிரிப்பு போய்விட்டது. கை சுவரிலேயே இருந்தது.

"ஒன் படத்தப் பாத்தேன்," என்றான் இசக்கிப்பாண்டி. "கிழிஞ்சிருக்கு. எப்ப இருந்து?"

"நீ கட்டில்ல கெடந்தப்ப. ஒரு நாளு டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது. நான் டைல்ஸுதான் உடஞ்சிட்டுன்னு கீழ பாத்தேன்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். இசக்கிப்பாண்டி கணக்குப் பார்த்தான். இரண்டு ஆள் வரிசையை ஒரே முட்டில் இழுத்திருக்கிறான். தன் கால் தையல் போட்டுப் பஞ்சு மெத்தையில் ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் தன் இடத்தில் இருந்த கால் கிழிந்திருக்கிறது.

"ஏன்ல சொல்லல?"

"யாருட்ட? ஷிபுட்டயா? சொன்னா அடுத்த நாளு வருவியான்னு கேப்பானா, வராதன்னுல்லா சொல்லுவான்?"

சுடலைமாடத்தி குழாயை அடைத்துவிட்டு வந்தாள். "ராத்திரி எண்ணெ தேச்சு விடுதது நாந்தான். எனக்குத் தெரியும். அண்ணே, இத இத்தோட விட்டுரு. விழிஞ்ஞத்துல துறைமுகத்து ஆளுவளுக்குக் குவாட்டர்ஸ் கட்டுதாவல்லா, அந்த டைல்ஸ் வேலைக்கு இவுகளத் தலையாளாப் போட்டிருக்காவ. அடுத்த மாசம் தொடங்குது. கால் கெட்டவன்னு தெரிஞ்சா கையாளாக்கூட எடுக்க மாட்டாவ."

"டாக்டர்ட்டச் சொன்னா தச்சு விடுவாரு."

"தச்சா? ஒன்ன மாதிரி மாசக்கணக்குல படுக்கவா?" என்றான் பால்பாண்டி. "நீ மறுபடி போய்ப் படுத்துக்க. ஒன் படம் நல்லா வரும். மொதப் படத்தக் குப்பைல போட்டுருவாவ. எவனுக்கும் சேதாரம் இல்ல."

"ஒனக்கு?"

"என் காலு. நான் பாத்துக்கிடுதேன்." சுவரிலிருந்து கையை எடுத்தான். "ஒன் எடத்துல நின்னேன். அதுக்கு ஒண்ணும் கேக்கல. வாய மூடிட்டு இருன்னு மட்டுந்தான் கேக்கேன் மச்சான்."

குழாயடியில் நிறைந்து நின்ற குடத்தை இசக்கிப்பாண்டி தூக்கி உள்ளே வைத்தான்.

வியாழக்கிழமை அஜிதா விடவில்லை. தானே ஸ்கேன் சென்டருக்கு வந்துவிட்டாள். அவன் முட்டிலிருந்த இரண்டு சின்னத் தழும்பையும் குனிந்து பார்த்துவிட்டுப் பேனாவால் தோலில் ஒரு அம்புக்குறி போட்டாள். "இனி இதும் மாறிப்போச்சுன்னா நான் சோலியை விட்டுட்டு ஊருக்குப் போயிருவேன் அண்ணா."

ஓட்டைக்குள் தள்ளினார்கள். பால்பாண்டி சொன்னது சரிதான், கொட்டுதான். அசையக் கூடாது என்றார்கள். வேலையும் செய்யாமல் தூங்கவும் செய்யாமல் அவன் இப்படிக் கிடந்ததே இல்லை. யோசிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த ஒரு வருஷமாக இவர்கள் கேட்டதெல்லாம் இந்த முட்டைப் பற்றித்தான். வலிக்கிறதா, வீங்குகிறதா, மாடி ஏறுகிறாயா. தன்னை அனுப்பிவிடக் கேட்கவில்லை. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் அதையும் எழுதிக்கொண்டு அடுத்த மாசமும் கூப்பிட்டிருப்பார்கள். அப்படி ஒரு கேள்வியை அவன் அதுவரை சந்தித்ததில்லை. அதனால்தான் அதற்கும் பழைய பதிலையே சொன்னான். அதனால்தான் ஆளையும் அனுப்பினான். யார் குத்தவைத்தாலும் தரை தரைதான். ஆனால் இந்தக் குழாய்க்குள் பால்பாண்டி படுத்தால் பால்பாண்டியின் கால்தான் தெரிகிறது. அப்படித் தெரிந்துவிட்டதை இனி எந்தக் குப்பையில் போடுவது? குப்பையில் போட்டால் அந்தக் கிழிசல் யாருடையதும் அல்லாமல் போகும். பால்பாண்டி அதன்மேல் தினமும் குத்தவைப்பான்.

கொட்டு நின்றது. வெளியே இழுத்தார்கள்.

அஜிதா உள்ளே போய்ப் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாள். "கொள்ளாம் அண்ணா! தச்ச இடம் ஒட்டியிருக்கு போலிருக்கு. டாக்டர் பாத்துத்தான் உறுதியாச் சொல்லுவாரு. எனக்கு நிம்மதி ஆச்சு. வாங்க, ஒரு சாயா குடிப்போம்."

"சிஸ்டர், மொதப் படம் என் தங்கச்சி மாப்ளையோடது."

"எந்தப் படம்?"

"கிழிஞ்ச படம். இங்க உள்ளவங்க மேல தப்பில்ல. எனக்கு அன்னைக்கு வேலை. நாந்தான் ஆள் அனுப்பினேன்."

அஜிதா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை.

"ஆள் அனுப்பினீங்களா? ஸ்கேனுக்கா? அண்ணா, இது என்ன கல்யாண வீடா, வீட்டுக்கு ஒரு ஆளு தலை காட்டினாப் போதும்னு சொல்ல?"

"நல்ல முட்டுன்னு நெனச்சு..."

"நல்ல முட்டா இருந்தா அதவிட மோசம். பிள்ளையப்போல மினுமினுன்னு ஒரு ஜவ்வப் பாத்துட்டு, ஆகா நல்லா ஒட்டுதேன்னு எழுதியிருப்போம். அத நம்பி நாளைக்கு எத்தன பேருக்குக் காலத் திறப்பாங்க? இதே மாதிரி கெட்ட முட்டுன்னு எழுதினா, ஒருவேளை நல்ல சாதனத்தக் கொள்ளாதுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. ரெண்டும் உங்க தலையில." மூச்சு விட்டாள். "அப்ப அந்த வலிக் கணக்கு? பூஜ்யம் பூஜ்யம்னு சொன்னீங்களே, அதும் இப்பிடித்தானா?"

அவன் தரையைப் பார்த்தான். தரையில் ஒரு டைல்ஸ் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

"மொத மாசமெல்லாம் நல்ல வலி சிஸ்டர்."

"நம்பர் சொல்லுங்க."

"எட்டு," என்றான். வெட்கமாக இருந்தது.

டாக்டர் ஹரிஷங்கர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைத் தேய்த்தார். "என்ன காரியம் பண்ணியிருக்கேள்! உங்களை இந்த ஆராய்ச்சியில வச்சுக்கறதா, எடுத்துடறதான்னு கமிட்டி தீர்மானிக்கும். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பணும். என் கையில ஒண்ணும் இல்லை."

"எடுத்தாலும் எடுங்க சார். அந்தக் காலு?"

"அது தன் காலைத் தானே தூக்கிண்டு வரட்டும். ஆள் அனுப்ப வேண்டாம்." பிறகு குரல் தணிந்தது. "இந்த ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்து முடிஞ்சுடுத்து. விரிப்பு கிடையாது. தைக்க முடிஞ்சாத் தைப்பேன். முடியாத இடத்தை வெட்டி எடுக்கணும். உள்ளே பாத்தாத்தான் தெரியும். ஒண்ணும் வாக்குக் குடுக்கறதுக்கில்லை. தள்ளிப்போடாம வரச்சொல்லுங்கோ."

பால்பாண்டியிடம் சொன்னபோது அவன் ரப்பர் சுத்தியலைச் சுவரில் விட்டெறிந்தான். அது எகிறி வாசலில் போய் விழுந்தது. "இனி எனக்கு மச்சான்னு ஒருத்தன் இல்ல," என்று சுடலைமாடத்தியைப் பார்த்துச் சொன்னான்.

அவள் அழுவாள் என்று இசக்கிப்பாண்டி எதிர்பார்த்தான். அவள் சுத்தியலை எடுத்துவந்து பையில் போட்டாள்.

"தைக்காம விட்டா என்னன்னாரு டாக்டரு?"

"பெறவு தைக்க உள்ள ஒண்ணும் இருக்காதுன்னாரு."

"தச்சா எடம் போயிரும்."

"எடத்த நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணனை மேலும் கீழுமாக அளந்தாள். "ஷிபு வேலை?"

"ஷிபுக்கு வேற ஆளு கெடைக்கும்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டாச்சுல்லா? ஒழுங்கா ஆஸ்பத்திரிக்கு நடங்க. இல்லன்னா இந்தப் பைய எடுத்துட்டு நான் விழிஞ்ஞத்துக்குப் போய்க் குத்தவைக்கேன். எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு."

பால்பாண்டி போனான். மச்சானோடு பேசவில்லை, ஆனால் போனான். பாதியைத் தைக்க முடிந்தது. மீதியை வெட்டி எடுத்துவிட்டார் டாக்டர். பழையபடி நாள் முழுக்கக் குத்தவைக்க முடியுமா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்," என்றார். இசக்கிப்பாண்டியின் காரியத்தில் கமிட்டியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

விழிஞ்ஞத்தில் வேலை தொடங்கிய காலை. கட்டடத்துக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது, தூரத்தில் கிரேன்கள் ஒட்டகம் போல நின்றன. சூப்பர்வைசர் பிரவின்ராஜ் கூடி நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து சுடலைமாடத்தி போன் பண்ணினாள். பின்னால் பால்பாண்டி எதுவோ சொல்லிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே, கடல் காத்துக்கு ஒட்டுற பசை சீக்கிரம் காஞ்சிருமாம். கொஞ்சம் கொஞ்சமாக் கலக்கணுமாம். மொத வரிசைக்கு ரசமட்டம் வைக்காம அடுத்தது தொடக் கூடாதாம். இது ஒனக்காகச் சொல்லல, அவுக எடத்த நீ கெடுத்துரக் கூடாதுன்னு சொல்லுதாவளாம்."

"சரின்னு சொல்லு."

"நான் என்ன போஸ்ட்மேனா? இந்தா, பக்கத்துலதான் இருக்காவ. நீயே சொல்லு."

போன் கை மாறியது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பேச்சு வரவில்லை. வைக்கவும் இல்லை.

"பால்பாண்டி!" என்று கூப்பிட்டான் பிரவின்ராஜ்.

"இங்க இருக்கு," என்று இசக்கிப்பாண்டி கையைத் தூக்கினான்.

பிரவின்ராஜ் புருவத்தைச் சுளித்தான். "பால்பாண்டின்னா எளவட்டம்லா? நீரு ஆளு மாறியிருக்கீரு."

"அவன் எடத்துக்கு வந்த ஆளு நான். கால் சரியானதும் அவன் வருவான். அதுவர நிப்பேன்."

"எனக்கு ஆளு ஆராயிருந்தாலும் கொழப்பமில்ல. தரை மட்டமா இருக்கணும். முட்டு கிட்டு கொள்ளாமா?"

இசக்கிப்பாண்டி வாயெடுத்தான், சுகம்தான் என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டான். காதில் இருந்த போனிலிருந்து இன்னும் மூச்சுச் சத்தம் வந்தது.

"இடது முட்டு தச்ச முட்டு," என்றான். "இப்ப வலி இல்ல. மாடி எறங்கும்போது ஒண்ணு, ரெண்டு இருக்கும்."

"என்னது ஒண்ணு ரெண்டு?"

"வலி."

பிரவின்ராஜ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினான். இசக்கிப்பாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அறையின் மூலைக்குப் போனான். நூல் கட்டினான். கொஞ்சமாகப் பசை கலந்தான். குத்தவைத்து முதல் டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினான்.

"இடது மூலை தூக்கியிருக்கு," என்றது சட்டைப்பைக்குள்ளிருந்து பால்பாண்டியின் குரல். "சத்தத்துலயே தெரியுது. ரசமட்டம் வை வே."

இசக்கிப்பாண்டி ரசமட்டத்தை எடுத்து வைத்தான்.